பறப்பவர் யார்? இருமுபவர் யார்?

ஆகாய விமானம் என்றால் நம்மவர்களுக்கு அண்ணாந்து பார்க்கத் தெரியுமேயல்லாமல், அது போன பிறகு கீழே இறங்குவது என்ன என்று யோசிக்கத் தெரிவதில்லை. சென்ற வாரம் பம்மல் பக்கத்திலிருந்து ஒரு தோழர் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். தமது வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தின் சக்கரங்களைக்கூட எண்ணிவிடலாம் என்றும், தம் பிள்ளைகள் தினம் சாயங்காலம் அதற்குக் கையசைத்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறார்கள் என்றும் மிகுந்த பெருமையோடு சொன்னார். "சில நாள் மண்ணெண்ணெய் வாசனைகூட வருதுங்க ஐயா, பிள்ளைகளுக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வாசனை மூக்குக்கு வந்தது என்றால், அந்த வாசனைக்குரிய வஸ்துவும் மூக்குக்கு வந்தது என்றுதானே அர்த்தம்? அது மூக்கோடு நின்றுவிடும் என்று யார் ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள்?

விமானம் எரிப்பது நன்றாய்ச் சுத்தி செய்யப்பட்ட மண்ணெண்ணெய்தான். பம்பு அடிக்கும் ஸ்டவ்வில் சமைத்துப் பழகிய நமது பெண்மக்களுக்கு இந்த விஷயத்தில் எந்த இஞ்சினீயரும் வந்து பாடம் சொல்லவேண்டியதில்லை. நன்றாகப் பம்பு அடித்து, ஜுவாலை நீலமாக இரைந்து எரிகிறபோது புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. அதே ஸ்டவ்வை அடக்கி வைத்துப் பாருங்கள்; கண் எரியும், தொண்டை கரகரக்கும், பாத்திரத்தின் அடி கறுத்துப்போகும். ஜெட் யந்திரமும் அப்படியேதான். மேலே கிளம்பும்போது முழு பலத்தோடு எரிவதால் எண்ணெய் மிச்சமில்லாமல் எரிந்துவிடுகிறது. ஆனால் அந்த உக்கிரமான சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே பிராணவாயுவோடு சேர்ந்து விஷவாயுவாக மாறிவிடுகிறது. தரையில் ஊர்ந்துகொண்டும், வரிசையில் முறைக்காகக் காத்துக்கொண்டும் இருக்கும்போதோ அடக்கி வைத்த ஸ்டவ்வின் கதைதான். கார்பன் மோனாக்ஸைடும் எரியாத எண்ணெயின் ஆவியும் பின்புறமாக வந்துகொண்டேயிருக்கும். சர்வதேச விமான ஸ்தாபனத்தார் தங்கள் கணக்கில், ஒரு விமானம் ஒரு தடவை வந்து போவதற்குத் தரையில் ஊரும் நேரம் 26 நிமிஷம் என்றும், அப்போது யந்திரம் தன் பலத்தில் நூற்றுக்கு 7 பங்குதான் வேலை செய்கிறது என்றும் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான விமானங்கள் வந்து போகிற இடத்தில் இது எத்தனை ஸ்டவ்வுக்குச் சமம் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இதுவல்லாமல், விமானம் நின்றுகொண்டிருக்கும்போது விளக்குக்கும் குளிர்ச்சிக்கும் வேண்டி அதன் வாலில் ஒரு சின்ன யந்திரம் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மூட்டை ஏற்றுகிற வண்டி, இழுக்கிற வண்டி, மின்சாரம் கொடுக்கிற வண்டி என்று டீசல் வண்டிகள் வேறு.

இவையெல்லாவற்றிலும் விசேஷமாகக் கவனிக்கவேண்டியது, இந்தப் புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள். ஒரு தலைமயிரின் கனத்தை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ ஏறக்குறைய அவ்வளவு, அல்லது அதற்கும் குறைவு. மூக்கிலுள்ள மயிரும் தொண்டையிலுள்ள சளியும் இதை முழுதும் தடுக்கமாட்டா. நுரையீரலின் கடைசி அறை வரையில் போய், அதன் சுவரைத் தாண்டி ரத்தத்திலும் கலந்துவிடக்கூடியது.

"கண்ணால் காணாததை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நீங்கள், கண்ணுக்குத் தெரியாத துகளைக் காட்டி எங்களைப் பயமுறுத்தலாமா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். காணாததை நம்பாதே என்று நாம் சொன்னதில்லை. சோதிக்க இடங்கொடுக்காததை நம்பாதே என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். இந்தத் துகளின்மேல் ஆவியைப் படியவைத்துப் பெருக்கச் செய்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணுகிற யந்திரம் இருக்கிறது. நாம் எண்ணினாலும் எண்ணிக்கை அதுதான். விமானக் கம்பெனியின் முதலாளி வந்து எண்ணினாலும் அதுதான்.

ஆனால் சர்க்கார்கள் காற்றைச் சோதிப்பது பெரும்பாலும் எண்ணிக்கையால் அல்ல, எடையால். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சந்தையில் ஒரு வண்டி பூசணிக்காயும் அதன் நடுவே ஒரு மரக்கால் கடுகும் இருந்தால், தராசில் நிறுத்திப் பார்க்கிறவனுக்குக் கடுகு இருப்பதே தெரியாது. எண்ணிப் பார்க்கிறவனுக்கோ பூசணிக்காய் இருப்பது தெரியாது. விமானத்துகள் கடுகு ஜாதி. ஆகவே எடை போட்டுப் பார்த்துவிட்டு, "விமான நிலையத்தால் காற்றுக்குப் பெரிய கெடுதி ஒன்றும் இல்லை" என்று உத்தியோகஸ்தர்கள் எழுதும்போது, அவர்கள் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் உண்மை மறைந்துபோய்விடுகிறது.

எண்ணிப் பார்த்த ஊர் ஒன்றைச் சொல்லுவோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பட்டணத்தின் விமான நிலையம் கடற்கரையை ஒட்டியிருக்கிறது. மேற்கே சமுத்திரம், கிழக்கே குடியிருப்புகள். பகலெல்லாம் கடற்காற்று மேற்கிலிருந்து சுத்தமாக வந்து, நிலையத்தைக் கடந்து, ஊருக்குள் போகிறது. எது நிலையத்தின் புகை, எது மற்றதின் புகை என்று பிரித்தறிவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. அங்குள்ள சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் வண்டியில் எண்ணும் யந்திரத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். நிலையத்திலிருந்து காற்று போகும் திசையில் 8 முதல் 10 கிலோமீட்டர் தூரத்தில்கூடத் துகள்களின் எண்ணிக்கை சாதாரண அளவைப்போல் 4, 5 மடங்கு. 16 கிலோமீட்டர் தூரத்திலும் 2 மடங்கு! "மோட்டார் வண்டிகளின் புகையை விட்டுவிட்டு விமானத்தைக் குறை சொல்லலாமா?" என்பவர்களுக்கும் அவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு துகளை மோட்டார் சாலையிலிருந்து உண்டாக்கவேண்டுமானால் 280 முதல் 790 கிலோமீட்டர் நீளமுள்ள பெருஞ்சாலை வேண்டுமாம். மோட்டாருக்கே பேர்போன அந்த ஊரிலிருக்கும் பெருஞ்சாலைகளின் மொத்த நீளமே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர்தான்.

சரி, அந்தக் காற்று போகிற வழியில் குடியிருப்பவர்கள் யார்? லென்னாக்ஸ், இங்கிள்வுட் முதலிய பகுதிகள். மெக்சிக்கோ முதலான தேசங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களும், கறுப்பு இன மக்களும் பெருவாரியாக வசிக்குமிடம். பணக்காரர் வீடுகள் கடலைப் பார்த்து, காற்று சுத்தமாக வருகிற பக்கத்தில் இருக்கும். உழைக்கிறவன் வீடு காற்று கெட்டுப்போய் வெளியேறுகிற பக்கத்தில் இருக்கும். நமது கிராமங்களில் சேரி எந்தத் திசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. 2018-ஆம் வருஷத்தில் உலகத்து மக்களில் நூற்றுக்கு 11 பேர்தான் விமானத்தில் ஏறினார்கள் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மற்ற 89 பேருக்கு விமானத்தின் மூலம் கிடைப்பதெல்லாம் சத்தமும் புகையும்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் காற்று உடம்பை என்ன செய்கிறது என்பதையும் பார்த்தார்கள். ஆஸ்துமா உள்ள 22 பேரை, விமானப் புகை வருகிற ஒரு பூங்காவில் ஒரு நாள் 2 மணி நேரமும், வராத ஒரு பூங்காவில் மற்றொரு நாள் 2 மணி நேரமும் நடக்கவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். விமானத் துகளைச் சுவாசித்ததற்குத் தக்கபடி, உள்ளழற்சியைக் காட்டுகிற வஸ்து ரத்தத்தில் ஏறியிருந்தது. 2018-இல் இது வெளியாயிற்று. பிறகு 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதைவிடப் பெரிது. 2008 முதல் 2016 வரையில் அந்த நிலையத்தைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களின் 174,186 பிரசவங்களைக் கணக்கெடுத்தார்கள். விமானத் துகள் அதிகமாயிருந்த கால் பங்கு இடத்தில், குறைவாயிருந்த கால் பங்கு இடத்தைவிடக் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு 14 அதிகமாயிருந்தது. சத்தத்தையும் மோட்டார்ப் புகையையும் கழித்துப் பார்த்த பிறகே இந்த வித்தியாசம்.

குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்? தாயின் ராசி சரியில்லை என்பார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பார்கள். மாமியார் ஒன்று சொல்லுவாள், நாத்தனார் ஒன்று சொல்லுவாள். பெற்றவள் தலைமேலேயே எல்லாப் பழியும் விழும். மேலே பறந்தவன்மேல் ஒரு சொல்லும் விழாது.

இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் ஆச்சரியமாய்ப்பட்ட சங்கதி ஒன்றிருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலும் நடுப்பாகத்திலும் உள்ள சிகாகோ, அட்லாண்டா, நியூயார்க் போன்ற ஊர்களில் புயலோ மழையோ அடித்தால், விமானங்கள் தாமதப்படும். அந்தத் தாமதம் சங்கிலிபோல் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் வெயில் அடித்துக்கொண்டிருக்கிற கலிபோர்னியாவின் விமான நிலையங்களில் வந்து முட்டும். விமானங்கள் யந்திரத்தை நிறுத்தாமல் வரிசையில் நிற்கும். ஷ்லெங்கர், வாக்கர் என்ற இரண்டு பொருளாதார ஆசிரியர்கள் கலிபோர்னியாவின் 12 பெரிய நிலையங்களை எடுத்துக்கொண்டு, இப்படித் தூரதேசத்துத் தாமதத்தால் நெரிசல் உண்டான நாட்களையும், அந்த நிலையங்களைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்நாட்களில் கார்பன் மோனாக்ஸைடு ஏறியது. மூச்சு வியாதிக்கும் இருதய வியாதிக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகையும் ஏறியது. வழக்கமான ஏற்ற இறக்கத்தில் ஒரு படி அழுக்கு கூடினாலே, நிலையங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிக்கும் 60 லட்சம் பேருக்கு ஆஸ்பத்திரிச் செலவு 540,000 டாலர் கூடுகிறது என்று 2016-இல் அச்சிட்டிருக்கிறார்கள். அதுவும், சர்க்கார் "அபாயமில்லை" என்று வைத்திருக்கும் எல்லைக்கு மிகவும் கீழே இருந்த அழுக்கினாலேயே!

சிகாகோவில் மழை பெய்தால் கலிபோர்னியாவில் ஒரு கிழவருக்கு மூச்சுத் திணறுகிறது. நேற்றுவரை இருந்தவருக்கு இன்றைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் "விதி" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள். இந்த இரண்டு பேரும் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அந்த விதியின் நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மறுமுனையில் ஒரு விமானக் கம்பெனியின் கால அட்டவணை வந்தது.

நிற்க, "அப்படியானால் விமானத்தை ஒழித்துவிட்டுக் கட்டைவண்டியில் போகச் சொல்லுகிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மனிதன் பறவைபோல் பறக்கக் கற்றுக்கொண்டது மனித அறிவின் பெருமை என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. அந்த அறிவு, புகையைக் குறைக்கிற விஷயத்தில் மாத்திரம் ஏன் தூங்கவேண்டும் என்பதுதான் நமது கேள்வி. வழி தெரியாமல் தூங்குகிறது என்றும் சொல்லமுடியாது.

பாஸ்டன் பட்டணத்தில் 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒரு பரீட்சை செய்தார்கள். ஓடுபாதையில் வரிசை நீளமாக இருக்கும்போது, விமானத்தை யந்திரம் முடுக்கிக் கொண்டுபோய் அந்த வரிசையின் வாலில் நிறுத்துவதற்குப் பதிலாக, வாசலிலேயே யந்திரத்தை முடுக்காமல் கொஞ்சம் நிறுத்தி வைப்பது. இவ்வளவுதான் தந்திரம். எத்தனை விமானங்களை விடலாம் என்பதைத் தெரிவிக்க வர்ணம் தீட்டிய அட்டைகளைக் காட்டினார்கள். நாலு மணி நேரம் வீதம் 8 தடவை செய்ததில், 247 விமானங்கள் சராசரி 4.4 நிமிஷம் வாசலில் காத்திருந்தன. மிச்சமான எண்ணெய் 12,250 கிலோவுக்குக் குறையாது. எரியாத எண்ணெய் புகையாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதற்குக் கோடி ரூபாயா செலவாயிற்று? அட்டைக்கும் வர்ணத்துக்கும் ஆன செலவை நமது கிளைச் சங்கம் ஒன்றே கொடுத்துவிடும்.

டெல்லியில் 2019-இல் பிரயாணிகளோடு கூடிய ஒரு விமானத்தை, அதன் யந்திரத்தை முடுக்காமலே, விமானி ஓட்டுகிற ஒருவித இழுவை வண்டியால் ஓடுபாதைப் பக்கம் வரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆகவே இது வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்கும் என்று சொல்லுவதற்கும் இடமில்லை. நிற்கிற விமானத்துக்குத் தரையிலிருந்தே மின்சாரக் கம்பியும் குளிர்காற்றுக் குழாயும் கொடுத்துவிட்டால் வாலிலுள்ள யந்திரத்துக்கு வேலையில்லை. மூட்டை வண்டிகளை மின்சார வண்டிகளாக மாற்றுவதற்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் நிலையத்தார் 1997-லேயே, அதிக அழுக்கு விடுகிற யந்திரமுள்ள விமானம் இறங்கினால் அதிகக் கட்டணம் என்று வைத்தார்கள். முதலாளியின் காதுக்குப் புத்திமதி எட்டாது, பில் எட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

எண்ணெயில் உள்ள கந்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் கந்தகம் எரிந்து அமிலமாகித்தான் நுண்துகள்களில் பெரும்பகுதிக்கு வித்தாகிறது. நமது தேசத்தில் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஊற்றுகிற டீசலில் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்குமேல் கந்தகம் இருக்கக்கூடாது. விமான எண்ணெய்க்கோ உலக முழுவதும் வழங்குகிற எல்லை பத்து லட்சத்தில் 3,000 பங்கு. அதாவது 300 மடங்கு! விற்பனைக்கு வருகிற எண்ணெயில் எல்லா நேரத்திலும் அவ்வளவு இருப்பதில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்லுவார்கள், உண்மைதான். அப்படியானால் எல்லையைக் குறைத்தால் அவர்களுக்கு நஷ்டம் என்ன? லாரிக்காரனுக்கு ஒரு சட்டம், விமானக் கம்பெனிக்கு ஒரு சட்டம் என்பது எந்த மனுதர்மத்தில் எழுதியிருக்கிறது?

இப்படிச் செய்யக்கூடிய காரியங்கள் பல இருக்க, நிலையங்கள் பல செய்துகொண்டிருப்பது வேறு. கூரைமேல் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். நல்ல காரியந்தான், நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது கட்டடத்து விளக்குக்கும் விசிறிக்கும் ஆகுமேயல்லாது, விமானத்தின் வாயிலிருந்து வருகிற ஒரு துகளையும் அது குறைக்காது. பின்னும் சிலர், "எங்கள் நிலையத்தின் கரியெல்லாம் ஈடுகட்டப்பட்டுவிட்டது" என்று ஒரு நற்சாட்சிப் பத்திரத்தை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். என்னவென்று விசாரித்தால், வேறெங்கோ மரம் நடுவதற்கோ காற்றாடி வைப்பதற்கோ பணம் கொடுத்திருப்பார்கள். அதிலும் நிலையத்தின் சொந்தச் செலவிலுள்ள கரிக்குத்தான் ஈடே தவிர, வந்து போகிற விமானங்களின் கரி அந்தக் கணக்கில் சேராது. உலகம் சூடாகிற விஷயத்துக்கு அது எவ்வளவு தூரம் உதவுமோ, அதைத் தனியாய் விவாதிக்கலாம். நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மூச்சு முட்டுகிற குழந்தைக்கு, ஆயிரம் மைலுக்கப்பால் நட்ட மரத்தால் என்ன பிரயோஜனம்? பாவத்தைச் செய்துவிட்டு, பாதிக்கப்பட்டவனுக்கு ஒரு காசு கொடுக்காமல், புரோகிதனுக்குத் தட்சிணை கொடுத்துப் பிராயச்சித்தம் தேடிக்கொள்ளுகிற பழைய வித்தையை நாம் நன்கு அறிவோம். இப்போது புரோகிதன் கோட்டும் சட்டையும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அன்றியும், எல்லாருக்கும் முன்பாக இந்தப் புகையைச் சுவாசிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே நின்று மூட்டை ஏற்றி இறக்குகிற தொழிலாளி. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நிலையத்தில் தொழிலாளர் சங்கத்தார் இதைக் கிளப்பிய பிறகுதான், அவர்கள் நிற்கிற இடத்தில் துகளை எண்ணினார்கள். பட்டணத்தின் மிக நெரிசலான தெருவைக் காட்டிலும் அங்கே எண்ணிக்கை அதிகமாயிருந்தது. பிறகுதான் வண்டிகளை மாற்றவும், யந்திரங்களை வீணாய் ஓடவிடாமல் நிறுத்தவும் சங்கமும் நிலையமும் சேர்ந்து ஏற்பாடு செய்தன. நமது நிலையங்களில் இந்த வேலை பெரும்பாலும் காண்டிராக்டுக் கூலியாட்களைக்கொண்டு நடக்கிறது. இன்றைக்கு இருப்பவன் நாளைக்கு இருப்பானோ என்பது தெரியாதபோது, அவன் நுரையீரலைப்பற்றி யார் கணக்கு வைக்கப்போகிறார்கள்?

நமது ஊர் நிலைமை என்ன? லாஸ் ஏஞ்சலீஸில் கடல் மேற்கே, சென்னையில் கிழக்கே. பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் மீனம்பாக்கத்தின் புகை, நிலையத்துக்கு மேற்கே நெருக்கமாகக் குடியிருக்கிற பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கமாகத்தான் போகும். எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்க்காமல் நாம் ஒன்றும் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லுவது சோதிடம். ஆனால் எண்ணிப் பார்க்கவேண்டுமென்ற கட்டாயம் எந்த உத்தியோகஸ்தருக்கும் இல்லை. இந்திய சர்க்கார் 2009-இல் வெளியிட்ட காற்றின் தரப் பட்டியலில் 12 வஸ்துக்கள் இருக்கின்றன. ஈயம் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது, அம்மோனியா இருக்கிறது. துகளை எடை போடுவதும் இருக்கிறது. நுண்துகளை எண்ணுவது அதில் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் நாள் சராசரி 10,000 துகளுக்கு மேற்பட்டால் அது அதிகம் என்று வழிகாட்டியது. ஐரோப்பியர்கள் 2024-இல் போட்ட சட்டத்தில், விமான நிலையம் போன்ற இடங்களுக்கு அருகில் இதை எண்ணியே தீரவேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

பம்மலில் ஒரு பள்ளிக்கூட மாடிமேலும், பொழிச்சலூரில் ஒரு பஞ்சாயத்துக் கட்டடத்தின்மேலும், காற்றுக்கு எதிர்த்திசையில் மற்றோரிடத்திலுமாக மூன்று எண்ணும் யந்திரங்களை ஒரு வருஷம் வைத்து, கணக்கைத் தமிழில் அச்சிட்டுத் தெருவில் ஒட்டவேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரையும் நிலையத்தாரையும் கேட்டுக்கொள்ளுகிறோம். அதுவரையில், விமான நிலையங்களை அடுத்துள்ள ஊர்களின் தோழர்கள், மண்ணெண்ணெய் வாசனை வந்த தேதி, மணி, காற்றடித்த திசை, வீட்டில் யாருக்காவது இளைப்போ இருமலோ இருந்ததா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை நமக்கு அனுப்பினால் தவறாமல் பிரசுரிப்போம். முதல் நோட்டுப் புத்தகத்தை நம் பம்மல் தோழரிடம் கொடுத்தனுப்பியாயிற்று.